மாணாக்கரைப் பின்தொடர்ந்த ஆசான்
நோட்டர் டேம் பயிற்சியாளர் க்நூட் ராக்னி (1888–1931)

பங்கின் யூபிலி மலரில் ஒரு விளையாட்டுப் பயிற்சியாளருக்கு என்ன வேலை என்று நம் பங்கு மக்களில் சிலர் கேட்கக்கூடும். அவர் புனிதர் வரிசையில் இடம் பெற்றவர் அல்லர், மறைபரப்பாளர் அல்லர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கத்தோலிக்கராகக் கழித்தவரும் அல்லர். ஆயினும், மாலை வேளைகளில் பந்தைத் துரத்தி ஓடும் நம் வாலிபரையும், "பந்து என்றால் பறக்கிறான், பூசை என்றால் படுத்துக்கொள்கிறான்" என்று முறையிடும் பெற்றோரையும் மனத்திற் கொண்டு இவ்வரலாற்றை எழுதத் துணிந்தோம். விளையாட்டும் விசுவாசமும் ஒன்றையொன்று விழுங்கத்தான் வேண்டுமா என்னும் கேள்விக்கு இம்மனிதரின் வாழ்வில் விடை கிடைக்கிறது. சிற்சில இடங்களில் சங்கடமும் கிடைக்கிறது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நம் ஊர்க் கால்பந்து அன்று. அவர்கள் பந்து முட்டை வடிவினது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவதே பிரதானம். காலால் உதைப்பது எப்போதாவது ஒரு முறை. பதினொருவர் பதினொருவரை மோதித் தள்ளி, 100 கெஜ மைதானத்தில் அடி அடியாக நிலம் பிடித்து, எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளி. நம் சடுகுடுவில் ஒருவரை எழுவர் அமுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் முரட்டுத்தனம் ஓரளவு விளங்கும். அக்காலத்தில் அம்முரட்டுத்தனம் உயிரையே குடித்தது. 1905-ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில் ஏறத்தாழ 20 இளைஞர் ஆடுகளத்தில் அடிபட்டு மாண்டனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிப் பிரதிநிதிகளை அழைத்து, ஆட்டத்தைச் சீர்திருத்துமாறு வற்புறுத்தினார். அதன் விளைவாக 1906-இல் புதிய விதிகள் வந்தன. அவற்றுள் ஒன்று, பந்தை முன்னோக்கி வீசலாம் என்பது. கும்பலாக ஒரே இடத்தில் மோதிக்கொள்ளாமல் வீரர்கள் மைதானமெங்கும் பரவட்டும் என்பதே அதன் கருத்து.

விதி வந்துவிட்டது, அதைப் பயன்படுத்தத்தான் பெரிய கல்லூரிகள் விரும்பவில்லை. பந்தை வீசுவது ஆண்மைக்கு இழுக்கு என்று கருதியவர்களும் இருந்தார்கள். முதலில் துணிந்தது இயேசு சபையாரின் செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணி. 1906-ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே அவர்கள் வீசிப் பார்த்தனர். முன்வீச்சைக் கண்டுபிடித்தவர் ராக்னி என்று பல நூல்களில் எழுதியிருப்பது சரியன்று. மற்றவர்கள் ஏட்டில் வைத்திருந்ததை எடுத்துப் பழகிக் காட்டியவர் அவர். புதுமை செய்தவர் என்று அவரைப் போற்றும்போது இந்தப் பொருளிலேயே போற்ற வேண்டும்.

க்நூட் ராக்னி 1888-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் நார்வே நாட்டின் வோஸ் என்னும் ஊரில், லூத்தரன் சபைக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை வண்டி செய்யும் தொழிலாளர். 1893-இல் சிக்காகோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் தம் கைவேலையைக் காட்ட வந்த அவர், பின்னர் குடும்பத்தையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டார். அப்போது க்நூட்டுக்கு வயது ஐந்து. பள்ளிப்படிப்புக்குப்பின் சில ஆண்டுகள் சிக்காகோ தபால் நிலையத்தில் எழுத்தராக வேலை செய்து, கல்லூரிப் படிப்புக்கென்று காசு சேர்த்தார். 1910-இல், 22 வயதில், இந்தியானா மாநிலத்தின் சௌத் பெண்ட் நகரை அடுத்திருக்கும் நோட்டர் டேமில் மாணாக்கராகச் சேர்ந்தார். பிரெஞ்சு மொழியில் 'நம் அன்னை' என்று பொருள்படும் அக்கல்விக்கூடத்தை 1842-இல் நிறுவியவர் திருச்சிலுவைச் சபைக் குருவாகிய எட்வர்ட் சோரின் அடிகளார். கத்தோலிக்கர் நிறைந்த இடத்தில் ஒரு லூத்தரன். பதினெட்டு வயதுப் பையன்களுக்கு நடுவே, தலைமயிர் உதிரத் தொடங்கிவிட்ட ஒரு பெரியவர்!

அவர் வேதியியலில் கெட்டிக்காரர் என்பதைப் பலர் அறியார். அங்கே பேராசிரியராயிருந்த ஜூலியஸ் நியூலண்ட் அடிகளார் அசெட்டிலீன் வாயுவைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியே பின்னாளில் செயற்கை ரப்பர் உருவாக வழிகாட்டியது. அக்குருவின் ஆய்வுக்கூடத்தில் ராக்னி உதவியாளராகப் பணி செய்தார். 1914-இல் மருந்தியலில் உயர் தகுதியுடன் பட்டம் பெற்றார். விளையாட்டுப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்னும் பழமொழிபோன்ற பேச்சை நம் வீடுகளில் இனியேனும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

1913-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ராக்னியும் அவர் நண்பர் கஸ் டோரைசும் ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையிலுள்ள சீடார் பாயிண்ட் என்னும் உல்லாசத் தலத்தில் வேலைக்குப் போனார்கள். போகும்போது ஒரு பந்தையும் கையோடு கொண்டுபோனார்கள். வேலை முடிந்த நேரமெல்லாம் மணலில் ஒருவர் வீச, மற்றவர் ஓடிக்கொண்டே பிடிக்கப் பழகினர். அதுவரை பந்தைப் பிடிப்பவர் நின்ற இடத்தில் நின்று, குழந்தையை வாங்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது வழக்கம். ஓட்டம் குறையாமல் விரல்களாற் பிடித்தால் எதிராளி எட்ட முடியாது என்பதை இவ்விருவரும் மணலில் ஓடியோடிக் கற்றனர்.

அவ்வாண்டு நவம்பர் முதல் நாள், சகல புனிதர்களின் திருநாளன்று, வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி அணியை அதன் சொந்த மைதானத்திலேயே நோட்டர் டேம் சந்தித்தது. இராணுவ அணி பெயர்பெற்றது. நோட்டர் டேமைக் கிழக்குப் பகுதியில் அறிந்தவர் சிலரே. டோரைஸ் 17 முறை வீசினார். 14 முறை பந்து சேர வேண்டிய கைக்குச் சேர்ந்தது. ராக்னி சில ஆட்டங்களில் நொண்டுவதுபோல் பாவனை செய்தாராம். இவனால் ஓட முடியாது என்று காவல்காரன் அசந்த வேளையில் பாய்ந்தோடிப் பந்தைப் பிடித்து எல்லையைக் கடந்தாராம். முடிவு 35-க்கு 13. மறுநாட் காலைச் செய்தித்தாள்களில் அச்சிறு கத்தோலிக்கக் கல்லூரியின் பெயர் வந்தது.

பட்டம் பெற்ற 1914-இலேயே ராக்னிக்குத் திருமணமும் நடந்தது. மனைவி போனி கத்தோலிக்கர். அவர்களுக்கு மக்கள் நால்வர். நோட்டர் டேமிலேயே வேதியியல் கற்பித்துக்கொண்டு, ஜெஸ்ஸி ஹார்ப்பர் என்னும் பயிற்சியாளருக்கு நான்கு ஆண்டுகள் துணைநின்றார். 1918 முதல் 1930 வரை தலைமைப் பயிற்சியாளர். அப்பதின்மூன்று ஆண்டுகளில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 ஆட்டம் சரிசமம். ஐந்து பருவங்களில் ஒரு தோல்வியும் இல்லை.

இவ்வெற்றிகளின் நுணுக்கம் என்ன? ஹார்ப்பர் தம் ஆசான் ஸ்டாக்கிடம் கற்று வந்த ஓர் உத்தியை ராக்னி கூர்மையாக்கினார். அணியினர் முதலில் ஓர் ஒழுங்கில் நிற்பர். பிறகு நடனம்போல் தாளம் பிசகாமல் ஒருங்கே நகர்ந்து, எதிரணி திகைத்து நிற்கும் வேளையில் ஆட்டத்தைத் தொடங்கிவிடுவர். இதைச் சமாளிக்க முடியாமல், நகர்ந்தபின் ஒரு முழு விநாடி அசையாமல் நின்றே தொடங்கவேண்டும் என்று 1927-இல் விதியையே மாற்றினார்கள். இரண்டாந்தர அணியை முதலில் இறக்கி எதிராளிகளைக் களைப்படையச் செய்து, பின்னர் முதல் அணியை இறக்குவது இன்னொரு முறை. உடலைச் சுமையாக அழுத்திய உடுப்புகளையும் காப்புகளையும் இலகுவாக்கினார். பருமனைவிட வேகமும், வேகத்தைவிட ஒற்றுமையும் அவருக்குப் பெரிதாயிருந்தன. 1924-ஆம் ஆண்டின் அவருடைய பின்களத்து நால்வர் உருவத்திற் சிறியவர்களே. அக்டோபர் 18-ஆம் நாள் இராணுவ அணியை அவர்கள் வென்றபோது, கிராண்ட்லண்ட் ரைஸ் என்னும் பத்திரிகையாளர் அவர்களைத் திருவெளிப்பாடு ஆகமத்தின் நான்கு குதிரைவீரர்களுக்கு ஒப்பிட்டு எழுதினார். அப்பெயரே நிலைத்துவிட்டது. விவிலியத்தைத் திறந்து பாராத எத்தனையோ அமெரிக்கர் அந்நான்கு குதிரைகளைப் பற்றி முதன்முதலாய்க் கேள்விப்பட்டது விளையாட்டுப் பக்கத்தில்தான் போலும்!

அந்த 1924-ஆம் ஆண்டு வேறொரு காரணத்தாலும் நினைக்கத்தக்கது. கறுப்பர், யூதர், கத்தோலிக்கர், புதிதாய்க் குடியேறியவர் ஆகிய எல்லாரையும் பகைத்த கூ கிளக்ஸ் கிளான் என்னும் முகமூடிக் கூட்டம் அக்காலத்தில் இந்தியானாவில் செல்வாக்கின் உச்சியில் இருந்தது. மே 17-ஆம் நாள் அவர்கள் சௌத் பெண்ட் நகரில் ஊர்வலம் நடத்த வந்தபோது நோட்டர் டேம் மாணாக்கர் திரண்டு சென்று, அவர்களுடைய வெள்ளை அங்கிகளையும் முகமூடிகளையும் பறித்தனர். இரண்டு நாள் கழித்து மீண்டும் கைகலப்பு. கல்லூரித் தலைவர் மாத்யூ வால்ஷ் அடிகளார் நேரில் வந்து, மாணாக்கரை அமைதிப்படுத்தித் திருப்பி அழைத்துச் சென்றார். அவ்வாண்டின் இறுதியில் கிளானின் ஆதரவு பெற்றவரே அம்மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். இச்சூழலில், சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த அயர்லாந்து, போலந்து, இத்தாலியக் கத்தோலிக்கக் குடும்பங்கள், தங்கள் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகள் தோற்காமல் ஆடுவதைக் கேட்டு நிமிர்ந்து நடந்தன. 1925-ஆம் ஆண்டு முதல் நாள் ஸ்டான்ஃபோர்டு அணியை 27-க்கு 10 என்று வென்று திரும்பியபோது, அந்த மக்களுக்கு அது வெறும் பந்தாட்டமாய் இருந்திராது. அவர்களை அவ்வாறு நிமிரச் செய்தவரோ அன்றுவரை ஒரு லூத்தரன்!

இனி, நாம் இக்கட்டுரை எழுதக் காரணமான செய்திக்கு வருகிறோம்.

இன்று நற்கருணை வாங்க ஒரு மணி நேர உபவாசம் போதும். அன்றோ நள்ளிரவு முதல் ஒரு மிடறு தண்ணீரும் பருகலாகாது. நம் பங்கின் முதியோர் இதை மறந்திருக்க மாட்டார்கள். அடிக்கடி நற்கருணை வாங்குமாறு பத்தாம் பத்திநாதர் பாப்பு 1905-இல் விசுவாசிகளை அழைத்திருந்தார். அவ்வழைப்பை நோட்டர் டேமில் நடைமுறைப்படுத்தியவர் மாணாக்கரின் ஞானக் காரியங்களைக் கவனித்துவந்த ஜான் ஒஹாரா அடிகளார். பிற்காலத்தில் பிலடெல்பியா பேராயராகவும் கர்தினாலாகவும் உயர்ந்தவர் இவரே. அணி வெளியூர் சென்றாலும், காலை ஆகாரத்திற்குமுன் வீரர்கள் பூசை கண்டு நற்கருணை வாங்கினர்.

கிழக்குப் பகுதியில் ஒரு பெரிய ஆட்டத்திற்கு முந்தின இரவு ராக்னிக்கு உறக்கம் வரவில்லை. விடியுமுன் எழுந்து தங்கும் விடுதியின் முன்கூடத்தில் உலாவிக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய வீரர் இருவர் அவசரமாக வெளியே போனார்கள். சற்று நேரத்தில் இன்னும் சிலர். எங்கே என்று விசாரித்தால், பூசைக்கு. சரி, நாமும் போவோமே என்று அவரும் பின்னாலே போனார். பயிற்சியாளர் ஆட்டத்தன்று தம் பிள்ளைகளோடு இருப்பது அழகு என்பதற்காகவே போனாராம். அங்கே, நன்றாக உறங்கியிருக்க வேண்டிய அவ்வாலிபர், பட்டினி வயிற்றோடு வரிசையாய்ச் சென்று முழந்தாளிட்டதைக் கண்டார். அவர்களுக்கு எது பலம் தருகிறது என்பதை அன்றே உணரத் தொடங்கியதாக அவரே பின்னாளில் சொன்னார்.

நாம் இதை எண்ணி வியப்பதுண்டு. மனைவி கத்தோலிக்கர், கற்பித்தவர் குருக்கள், சுற்றிலும் கோவில் மணியோசை. 1910 முதல் பதினைந்து ஆண்டுகள் இவை அத்தனைக்கும் நடுவே வாழ்ந்தவர் ராக்னி. அவரை யாரும் வற்புறுத்தவில்லை. கற்றறிந்த குருக்களின் தர்க்கத்தைக் காட்டிலும், ஒன்றும் பேசாமல் விடியற்காலையில் தெருவைக் கடந்துபோன பையன்கள் அவரைத் தொட்டார்கள். 1925-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள், நோட்டர் டேமின் பழைய மரக்கட்டைச் சிற்றாலயத்தில், வின்சென்ட் மூனி அடிகளாரின் கையால் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். மறுநாள் தம் மகன் க்நூட்டோடு சேர்ந்து புதுநன்மை வாங்கினார். தகப்பனும் பிள்ளையும் ஒரே நாளிற் புதுநன்மை வாங்கும் காட்சி எந்தப் பங்குக் குருவுக்கும் எளிதிற் கிட்டாது! அன்று பிற்பகலே நார்த்வெஸ்டர்ன் அணியோடு ஆட்டம். பாதி நேரத்தில் 10-க்கு 0 என்று பின்தங்கியிருந்த நோட்டர் டேம், இறுதியில் 13-க்கு 10 என்று வென்றது. புதுநன்மைக்கும் புள்ளிக்கணக்குக்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்று நம் வாலிபரைக் கேட்டுக்கொள்கிறோம். ஐந்தே நாளில் நெப்ராஸ்கா அணி அவர்களை 17-க்கு 0 என்று தோற்கடித்தது.

அடுத்த மாதமே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குப் போக அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார் என்ற செய்தி பத்திரிகைகளில் வெளியானது. பெரிய பரபரப்பு, பின்னர் போகவில்லை. 1926-இல், பலவீனமான அணிதானே என்று கார்னகி டெக் ஆட்டத்தைத் துணைப் பயிற்சியாளரிடம் விட்டுவிட்டு, வேறோர் ஆட்டத்தைப் பார்க்கச் சிக்காகோவுக்குப் போனார். அந்தப் பலவீனமான அணி 19-க்கு 0 என்று வென்றது. ஞானஸ்நானம் ஒருவரை ஒரே நாளில் குறையற்றவராக்கிவிடுவதில்லை என்பதைப் பங்குக் குருவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அவருடைய பேச்சுத்திறனைப் பற்றி நம் கருத்தை ஒளிக்காமற் சொல்லவேண்டும். ஆட்டத்தின் இடைவேளையில் அவர் பேசினால் வீரர்கள் கதவை உடைத்துக்கொண்டு ஓடுவார்கள் என்பார்கள். 1922-இல் ஜார்ஜியா டெக் அணியை எதிர்க்குமுன் ஒரு தந்தியை வாசித்தார். தம் சிறு மகன் பில்லி நோயாய்க் கிடப்பதாகவும், அப்பாவின் அணி வெல்லவேண்டும் என்று விரும்புவதாகவும் அதில் இருந்ததாம். வீரர்கள் கண்ணீரோடு ஆடி வென்றனர். ஊர் திரும்பியபோது, வரவேற்க வந்த கூட்டத்தில் பில்லி பூரண சுகத்தோடு துள்ளிக்கொண்டிருந்தான்! நான்கு குதிரைவீரருள் ஒருவராகிய ஜிம் கிரௌலி இதைப் பல ஆண்டுகள் சொல்லிச் சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆயினும், பொய் நல்ல நோக்கத்தால் நல்லதாகிவிடாது என்று புனித அகுஸ்தினார் காலம் முதல் போதிக்கப்பட்டு வருகிறது. குருமடத்தில் அறநெறி இறையியலில் நாம் கற்ற எந்த நுணுக்கத்தைக் கொண்டும் அத்தந்தியை நியாயப்படுத்த முடியவில்லை. நொண்டுவதுபோல் நடித்து எதிராளியை ஏமாற்றுவது ஆட்டத்திற்குள் அடங்கியது. எதிராளியும் அதை எதிர்பார்த்தே நிற்கிறான். தம்மை நம்பி நிற்கும் பிள்ளைகளை ஏமாற்றுவது வேறு.

அவருடைய புகழ்பெற்ற பேச்சு ஒன்று உண்டு. ஜார்ஜ் கிப் என்னும் ஒப்பற்ற ஆட்டக்காரர் 1920 டிசம்பர் 14-ஆம் நாள், 25 வயதில், தொண்டைநோயும் நிமோனியாவும் கண்டு மரித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1928 நவம்பரில், ராக்னியின் அணி அவர் காலத்திலேயே மிக மோசமான நிலையில் இருந்தபோது, இராணுவ அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவர் வாய் திறந்தார். அணி நெருக்கடியில் சிக்கும் ஒரு நாளில், தமக்காக ஒருமுறை வெல்லுமாறு பிள்ளைகளிடம் சொல்லும்படி கிப் மரணப்படுக்கையில் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். நோட்டர் டேம் 12-க்கு 6 என்று வென்றது. கிப் அப்படிச் சொன்னதற்கு ராக்னியின் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். 1940-இல் வந்த திரைப்படத்தில் கிப்பாக நடித்தவர் ரொனால்ட் ரீகன். அவர் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானதால் அவ்வாசகம் அரசியல் மேடைகளிலும் ஏறியது. இறந்தவரின் வாயில் வார்த்தையை வைப்பது இலேசான காரியமன்று. தந்திக் கதையைக் கேட்ட பிறகு இக்கதையை முழுமையாக நம்ப நமக்கு மனம் வரவில்லை. ஒருவர் ஒருமுறை பொய் சொன்னால், அவர் சொல்லும் உண்மையும் இப்படித்தான் சாட்சியைத் தேடி அலையவேண்டியிருக்கிறது.

1929-இல் கால் நரம்பில் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. மருத்துவர் தடுத்தும் கேளாமல், சக்கர நாற்காலியில் அமர்ந்தே பயிற்சி அளித்தார். புது விளையாட்டரங்கம் கட்டிக்கொண்டிருந்தமையால் அவ்வாண்டு எல்லா ஆட்டங்களும் வெளியூரில், எல்லாவற்றிலும் வெற்றி. 1930-இல் அரங்கம் திறக்கப்பட்டது, அவ்வாண்டும் தோல்வியில்லை.

1931 மார்ச் 31, புனித வாரத்துச் செவ்வாய். ஒரு திரைப்பட வேலையாக லாஸ் ஏஞ்சல்ஸ் புறப்பட்ட ராக்னி, கன்சாஸ் சிட்டியில் விடுதிப்பள்ளியிற் படித்துவந்த தம் மகன்கள் இருவரைப் பார்க்க விரும்பினார். அவர்கள் வந்த ரயில் தாமதமாயிற்று. காணாமலே விமானம் ஏறினார். கன்சாஸ் மாநிலத்தில் பஜார் என்னும் சிற்றூருக்கருகே விமானத்தின் இறக்கை வானத்திலேயே முறிந்தது. இருந்த எண்மரும் மாண்டனர். ராக்னிக்கு வயது 43. அவர் கையில் செபமாலை இருந்ததாகச் செய்தி பரவியது.

அந்த ஃபோக்கர் விமானத்தின் இறக்கை மரத்தால் ஆனது. உள்ளே ஈரம் புகுந்து, ஒட்டியிருந்த பசை வலுவிழந்திருந்தது. அதுவரை விமான விபத்து விசாரணைகளின் முடிவை அரசு வெளியிடுவதில்லை. இறந்தவர் ராக்னி என்பதால் நாடே பதில் கேட்டது, மறைக்க முடியவில்லை. அவ்வகை விமானங்கள் சோதனைக்காக நிறுத்தப்பட்டன. முழுவதும் உலோகத்தாலான பயணி விமானங்கள் விரைந்து வர இவ்விபத்து ஒரு காரணமாயிற்று. அவரிடம் ஆடியவர் பலர் பயிற்சியாளராயினர். ஃபிராங்க் லீஹி நோட்டர் டேமுக்கே திரும்பி வந்து நான்கு முறை தேசிய வெற்றி தேடித் தந்தார். தந்திக் கதை சொல்லிச் சிரித்த கிரௌலி, இயேசு சபையாரின் ஃபோர்டம் பல்கலைக்கழகத்திற் பயிற்றுவித்தவருள் ஒருவர் வின்ஸ் லொம்பார்டி. அவரும் பின்னாளில் அமெரிக்கா போற்றிய பயிற்சியாளரானார்.

அடக்கம் ஏப்ரல் 4-ஆம் நாள், நோட்டர் டேம் திரு இருதய ஆலயத்தில். அன்று பெரிய சனி. அந்நாளில் இறந்தோருக்கான பூசை வைக்கத் திருவழிபாட்டுச் சட்டம் இடம் தராது. ஆகவே அவருக்குப் பூசை இல்லை. அடக்கச் செபங்களும், கல்லூரித் தலைவர் சார்லஸ் ஒடானல் அடிகளாரின் பிரசங்கமும் மட்டுமே. வானொலி அதை நாடெங்கும் ஒலிபரப்பியது. பிறந்த நாடாகிய நார்வேயின் அரசர் தம் பிரதிநிதியை அனுப்பியிருந்தார். பேழையைச் சுமந்தவர்கள், 1930-இல் ஒருமுறையும் தோற்காத அணியின் வாலிபர் அறுவர்.